மூன்றும் ஒன்றும் நான்கு அல்ல

போன மாதம் மெர்போக் ஆற்றில் ஒரு படகு கவிழ்ந்தது. படகில் இருந்த அத்தனை பேரும் மூழ்கிப்போனார்கள்.

பேப்பரில் தேடாதீர்கள். வந்திருக்காது. அது கவிழ்ந்த இடம் செமிலிங்கில், ஜெகா வீட்டுச் சாப்பாட்டு மேசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம்.

கவிழ்த்தவன் நான்.

வாரா வாரம் இந்தப் பக்கத்தில் என்னைச் சந்திப்பவர்களுக்கு என் கதை தெரியும். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். எழுபதைத் தாண்டியாகிவிட்டது. வழக்கமாக அடுத்தவர்களின் கோளாறுகளைத்தான் எழுதுவேன் – கல்யாண மண்டபத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனவர், டோல் சாவடியில் சண்டை பிடித்தவர்... இந்த வாரம் என்னுடைய கோளாறு.

ஜெகா ஏர்கோன் பழுது பார்ப்பவர். என் வீட்டு ஏர்கோனைக் கழுவ வந்த ஒரு நாள், தண்ணீர் வாளியில் சொட்டி முடிக்கும்வரை மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

“அங்கிள், நீங்க கோர்ட்ல இருந்தவருதானே? இந்த வரிக்கு என்ன அர்த்தம்னு சொல்லுங்களேன். எத்தன வாட்டி படிச்சாலும் மண்டைல ஏற மாட்டேங்குது.”

வாங்கிப் பார்த்தேன். வாக்கியம் ஒப்பந்தச் சட்டம் மாதிரி இருந்தது. ‘அவ்வாறு இல்லாவிடில்’, ‘மேற்கூறியவற்றுக்கு உட்பட்டு’ என்று ஒரே நுணுக்கம். ஆனால் விஷயம் என்ன தெரியுமா? ஒரு மந்திரவாதி ஒரே மூச்சில் எத்தனை நெருப்பு உருண்டை வீசலாம் என்பது.

மாட்டிக்கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே செமிலிங்கில் இருந்தேன்.

இது என்ன விளையாட்டு? பலகை கிடையாது. வெற்றி தோல்வி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு மேசை, சில பகடைகள். ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் இறங்கி நடப்பார்கள். வெட்டு பட்டதா, படவில்லையா என்பதைப் பகடை சொல்லும். அவ்வளவுதான்.

கதை சொல்லுபவர் ஜெகா. அவர் சொல்லும் தேசம் நம் கெடா மாநிலம்தான் – ஆனால் யாரோ மதியத் தூக்கத்தில் கண்ட கெடா. அங்கே ரப்பர் மரங்கள் யாரும் பார்க்காதபோது நிரை மாறி நிற்கும். நீர் கட்டிய வயலில் தெரிவது இன்றைய வானம் அல்ல, நேற்றையது. ஜெராய் மலை தினமும் கொஞ்சம் நகர்ந்து படுக்கும், யானையைப் போல. ஜெகா தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே போவார். சன்னல் வழியே நிஜமான ஜெராய் தெரியும், தலையை மேகத்துக்குள் வைத்துக்கொண்டு. கொஞ்ச நேரத்தில் எது எந்த மலை என்று மறந்துவிடும்.

நாங்கள் மூன்று பேர் ஆடுகிறோம். முரளி பகலில் லாரி ஓட்டுபவர், வாரத்தில் இரண்டு நாள் இரவுச் சந்தையில் அப்பம் சுடுபவர். கதையில் அவர் திருடன். நான் முகிலன் என்ற மந்திரவாதி. மூன்றாமவர் ஸ்டெல்லா. சுங்கைப் பட்டாணியில் டயாலிசிஸ் நிலையத்தில் தாதி. ஞாயிறு பூசை முடிந்ததும் சிடாம் கிரியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்துவிடுவார். கதையில் அவர் வேங்கை – கேடயம் பிடித்த வீராங்கனை.

இங்கே கொஞ்சம் விதி சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், இதில்தான் என் குற்றம் இருக்கிறது.

பாத்திரங்களுக்கு ஒரு தொழில் உண்டு. கதை நகர நகர அந்தத் தொழிலில் படிப்படியாக ஏறுவார்கள். மூன்றாம் படியில் அந்தத் தொழிலுக்குள்ளேயே ஒரு கிளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்த மாதிரி வீரன், எந்த மாதிரி மந்திரவாதி என்று. நான்காம் படியில் ஒரு தனித்திறமை கிடைக்கும். நாங்கள் ஃபீட் என்போம். தமிழில் கைவரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேங்கை மூன்றாம் படியில் எடுத்த கிளைக்கு ‘அரண்’ என்று பெயர். தன் பக்கத்தில் நிற்பவர் மேல் விழும் அடியை அவள் கேடயத்தில் வாங்கிக்கொள்ளலாம். நல்லதுதான். ஆனால் எதிரி முட்டாளா? அவளைச் சுற்றிக்கொண்டு போய் பின்னால் தள்ளி நிற்பவர்களை வெட்டுவான்.

அதற்கு ஒரு கைவரிசை இருக்கிறது. ‘கால்கட்டு.’ அவளைத் தாண்டப் பார்ப்பவனின் கால் அங்கேயே நின்றுவிடும். தனியாக எடுத்தால் அதுவும் சுமார்தான். தாண்ட முடியாதவன் பக்கத்தில் இருப்பவரை அடிப்பான். ஆனால் கிளையும் கைவரிசையும் சேர்ந்தால்? தாண்டவும் முடியாது, பக்கத்தில் இருப்பவரைத் தொடவும் முடியாது. ஒரு பெண் அப்படியே ஒரு கதவு ஆகிவிடுகிறாள்.

ஸ்டெல்லா இந்தக் கதவுக்காகத்தான் ஒரு வருடத்துக்கும் மேலாகக் காத்திருந்தார்.

நான்காம் படி வரும் சமயம். ஒரு சண்டையில் முகிலன் வழக்கம்போல் சாகக் கிடந்தான்.

“ஐயா, உங்க ஆளு காத்தடிச்சாலே விழுந்துர்றாரு” என்றார் முரளி. “வைத்தியம் பாக்க ஒரு ஆள் இல்லியே நம்மகிட்ட.”

எல்லோரும் ஸ்டெல்லாவைப் பார்த்தோம்.

“ஏன் என்னப் பாக்குறீங்க? வாரத்துல ஆறு நாள் அதத்தான் செய்றேன். ஏழாவது நாளும் ஊசியத் தூக்கணுமா?”

சிரித்தோம். நான் மட்டும் சிரித்து முடித்தபிறகு யோசித்தேன்.

விளையாட்டில் இரட்டைத் தொழில் எடுக்கலாம். வீரத்தில் மூன்று படி ஏறியவர், அடுத்த படியை வைத்தியத்தில் வைக்கலாம். மொத்தம் நான்கு. ஆனால் புத்தகம் ஒரு விஷயத்தில் கறார். கைவரிசை மொத்தக் கணக்குக்குக் கிடைக்காது. ஒரே தொழிலில் நான்காம் படியைத் தொட்டவருக்குத்தான். மூன்றும் ஒன்றும் நான்கு அல்ல.

இது ஸ்டெல்லாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். விதிகளைப் பார்த்துச் சொல்வது என் வேலை.

எனக்கு ஓர் ஆசை இருந்தது. மந்திரவாதி ஐந்தாம் படிக்கு வந்தால் மேகத்தின் மேல் நடக்கலாம். என் முட்டி நிஜத்தில் மாடிப்படி ஏறுவதற்கே முனகுகிறது. முகிலனாவது ஜெராயின் தலைக்கு மேல் நடந்து பார்க்கட்டுமே... அதுவரை அவன் உயிரோடு இருக்க வேண்டும். இருக்க வேண்டுமென்றால் யாராவது வைத்தியம் பார்க்க வேண்டும்.

தேநீர் இடைவேளையில் மெதுவாக ஆரம்பித்தேன். “ஸ்டெல்லா, ஒரே ஒரு படி. வைத்தியத்துல ஒரு படி எடுத்தா போதும்மா. வேங்கைகிட்ட இப்ப இருக்கறதுல எதுவும் குறையாது.”

கவனியுங்கள். ஒவ்வொரு சொல்லும் உண்மை. இருப்பதில் எதுவும் குறையாது. வரப்போவது வராது என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. நீதிமன்றத்தில் எனக்கு அதுதான் பழக்கம். கேட்டதை மட்டும் சொல்வது, சொந்தமாக ஒரு சொல் சேர்க்காமல் இருப்பது. அங்கே அது கடமை. ஒரு சாப்பாட்டு மேசையில் அதற்குப் பெயர் என்ன?

ஸ்டெல்லா ஒத்துக்கொண்டார். போகும்போது வாசலில் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே கேட்டார்: “அப்போ நாலு லெவல் ஆயிருச்சுல அங்கிள்? கால்கட்டும் வந்துருமா?”

கேட்டதற்கு மட்டுமே பதில் சொல்பவன் அல்லவா நான்? அன்றைக்குக் கேட்டதற்கும் சொல்லவில்லை.

“மழ வர்ற மாதிரி இருக்கு. பாத்துப் போம்மா” என்றேன்.

அதை அவர் ‘ஆமாம்’ என்று எடுத்துக்கொண்டார். அப்படித்தான் எடுத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த வாரங்கள் எனக்கு நன்றாக இருந்தன. முகிலன் விழுந்தான். “ஸ்டெல்லா, முகிலன் விழுந்துட்டான்” என்றேன். வேங்கை ஓடிவந்து கையை வைத்தாள். எழுந்தான். மறுபடி விழுந்தான், மறுபடி கூப்பிட்டேன். “இனிமே வேங்கைய எவனும் தாண்ட முடியாது” என்று ஸ்டெல்லா முரளியிடம் சொல்லும்போதெல்லாம் நான் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தேன். கால்கட்டுக்குத் தேவை வராமல் கதை போய்க்கொண்டிருந்தது. வராமலே போய்விடும் என்று நம்பினேன்.

பிறகு படகுத் துறை வந்தது.

கொள்ளையர்கள் எரித்த ஓர் ஊரிலிருந்து தப்பியவர்களை நாங்கள் பல வாரங்களாக அழைத்து வந்தோம். உப்பு விற்பவள், மீசைக்காரத் தச்சன், எப்போதும் விக்கல் எடுக்கும் ஒரு கிழவர். ஜெகா ஒவ்வொருவருக்கும் ஒரு குரல் வைத்திருந்தார். அவர்களைப் படகில் ஏற்றியாகிவிட்டது. பின்னால் கொள்ளையர்கள். துறைக்குப் போகும் மரப்பாலம் ஒடுக்கமானது, ஓர் ஆள் அகலம்தான்.

ஸ்டெல்லா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “வேங்கை பாலத்துல நிக்கிறா.”

“ரெண்டு பேர் ஒங்களத் தாண்டி ஓடுறாங்க அக்கா” என்றார் ஜெகா.

“முடியாது தம்பி. கால்கட்டு.”

ஜெகா பகடையை எடுக்கப் போனவர் நிறுத்தினார். “அக்கா... வீரத்துல நாலா?”

“மொத்தம் நாலு.”

“மொத்தம் இல்லக்கா. வீரத்துல.” அவர் என் பக்கம் திரும்பினார். “அங்கிள்?”

தலையை நிமிர்த்தினேன். மேலே மின்விசிறி மட்டும்.

“மூணு” என்றேன். “கால்கட்டு கெடையாது.”

“விடு லா ஜெகா” என்றார் முரளி. “வெளையாட்டுதானே. இந்த ஒரு வாட்டி குடுத்துரு.”

ஜெகா இளகத் தயாராக இருந்தார். முகத்தில் தெரிந்தது. “அங்கிள் என்ன சொல்றீங்க?”

இன்னொரு வாய்ப்பு. நான் என்ன செய்தேன் தெரியுமா? புத்தகத்தில் இருப்பதை அப்படியே, ஒரு சொல் பிசகாமல், தெளிவாக மொழிபெயர்த்தேன்.

இரண்டு பேரும் வேங்கையைத் தாண்டி ஓடினார்கள். கயிற்றை வெட்டினார்கள். படகு நீரோட்டத்தில் பக்கவாட்டாகத் திரும்பியது. ஜெகாவின் குரல் அன்றைக்கு ரொம்ப மெதுவாக இருந்தது. படகின் விளக்குகள் அணையவில்லை என்றார். எரிந்தபடியே தண்ணீருக்குள் இறங்கின என்றார். மஞ்சளாக, பச்சையாக, பிறகு ஆறே உள்ளிருந்து வெளிச்சமாக...

ஸ்டெல்லா என்னைப் பார்த்தார். “அன்னிக்கு வாசல்ல கேட்டேன்ல அங்கிள்?”

“கேட்ட.”

“அப்பவே தெரியுமா?”

“தெரியும்.”

“மழ வருதுன்னு சொன்னீங்க.”

“ஆமா.”

“மழயே வர்ல அன்னிக்கு.” பகடைகளைப் பையில் போட்டுக்கொண்டார். “சரி. நாளைக்குக் காலைல ஷிப்ட். நான் கெளம்புறேன் தம்பி.”

மோட்டார் சைக்கிள் சத்தம் தூரமாகிப் போனது.

அன்று காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தேன். சாலையோர வயல்களில் நீர் கட்டியிருந்தது. அந்தி வெளிச்சம் அதில் கிடந்தது, மஞ்சளாக. கீழே ஏதோ எரிந்துகொண்டிருப்பது போல. ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். வெறும் தண்ணீர், நாற்று, ஒரு கொக்கு. ஆனாலும் விக்கல் எடுக்கும் கிழவர் அங்கேதான் எங்கேயோ இருக்கிறார் என்று தோன்றியது. சிரிக்காதீர்கள். பெயர்கூட வைக்காத ஓர் ஆளுக்காக வரப்பில் நின்றேன்.

இரட்டைத் தொழில் நமக்கு என்ன புதிதா? நம் ஊர்களில் ஒற்றைத் தொழிலோடு இருப்பவரைக் காட்டுங்கள் பார்ப்போம். லாரி ஓட்டுபவர் அப்பம் சுடுகிறார். ஏர்கோன் கழுவுபவர் கதை சொல்கிறார். தொழிற்சாலையில் கையுறை சோதிப்பவர் கோயிலில் தவில் வாசிக்கிறார். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். ஒருவரை இரண்டாவது தொழிலுக்குத் தள்ளுபவர்கள் அநேகமாக அதனால் பலன் பெறுகிறவர்கள். ‘உனக்குத்தான் கைவந்த வேலையாச்சே’ என்று ஆரம்பிப்பார்கள். அவர் எதன் வாசலில் நின்றுகொண்டிருந்தார் என்று கேட்க மாட்டார்கள்.

அடுத்த ஞாயிறு ஸ்டெல்லா வரவில்லை. டியூட்டி மாற்றம் என்று செய்தி அனுப்பியிருந்தார். அதற்கடுத்த ஞாயிறும் டியூட்டி மாற்றம். ஜெகாவோடு சேர்த்து மூன்று பேர் மேசையில் உட்கார்ந்து வடை தின்றோம்.

“அக்கா இனிமே வராதுன்னு நெனைக்கிறேன் அங்கிள்” என்றார் ஜெகா. குறை சொல்லும் குரல் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

சனிக்கிழமை சிடாம் கிரிக்குப் போனேன். ஸ்டெல்லா வீட்டு முன்னால், பிளாஸ்டிக் வாளியில் வெந்நீர் ஊற்றிக் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாள் முழுக்க நின்ற கால். சீருடையைக்கூட மாற்றவில்லை.

“உக்காருங்க அங்கிள். என்ன, அட்ரஸ் மாறி வந்துட்டீங்களா?”

“மன்னிப்புக் கேக்க வந்தேம்மா.”

“படகுக்கா?”

“படகுக்கு இல்ல. மழைக்கு.”

அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. மேகம் பற்றிய என் ஆசையையும், அதற்காக அவரை வைத்தியத்துக்குத் தள்ளியதையும், தெரிந்தே வாயை மூடிக்கொண்டதையும் சொன்னேன். அவர் வாளியில் காலை மெதுவாக ஆட்டிக்கொண்டே கேட்டார்.

“ஒங்களுக்கு ஒண்ணு சொல்றேன் அங்கிள். வேலைல ஒருத்தருக்கு ஊசி ஏத்திக்கிட்டு இருப்பேன். பின்னால மெஷின் கத்தும். திரும்பணும். திரும்பினா அந்தப் பக்கம் இன்னொரு பெரியவரு, ‘மிஸ்ஸி, குளுருது.’ மறுபடி திரும்பணும். ஆறு நாளும் திரும்பிக்கிட்டே இருக்கேன். வேங்கை மட்டுந்தான் திரும்ப மாட்டா. எல்லாரும் அவளுக்குப் பின்னால இருப்பாங்க. அவ முன்னால பாத்துக்கிட்டு நிப்பா. நான் அதுக்குத்தான் செமிலிங் வந்தேன்.”

அவர் வாளியிலிருந்து ஒரு காலை எடுத்துத் துடைத்தார்.

“நீங்க அவளையும் திரும்ப வச்சிட்டீங்க. ‘ஸ்டெல்லா, முகிலன் விழுந்துட்டான்.’ சாவுற கொரல்ல.”

பீடோங்கில் என் வீட்டிலிருந்து வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன். படகோடு அந்த அத்தியாயம் முடிந்துவிட்டது. தோற்றாலும் எல்லோருக்கும் ஒரு படி உண்டு என்று ஜெகா சொல்லியிருந்தார். “என்னோட அடுத்த படிய நான் வைத்தியத்துல எடுத்துக்கிறேன். நீ வீரத்துல நாலாவது ஏறு.”

“அப்ப மேகத்துல நடக்கறது?”

“போகட்டும்.”

கொஞ்ச நேரம் யோசித்தார். நான் மனதுக்குள் என்னை நல்லவனாக நினைக்க ஆரம்பித்திருந்தேன்.

“வேணாம் அங்கிள். அப்புறம் ஒவ்வொரு வாரமும் தியாகம் பண்ண மொகத்தோட ஒக்காந்திருப்பீங்க. அதயும் நான்தான் பாக்கணும். நீங்க மேகத்துல நடங்க. விழுந்தா விழுங்க. செத்தா செத்துப் போங்க. என்னக் கூப்புடாதீங்க, அது போதும்.”

மறுநாள் பூசை முடிந்து வந்தார். ஜெகா ஒன்றும் கேட்காமல் தேநீர் ஊற்றி வைத்தார். “வீரத்துல நாலு” என்று ஸ்டெல்லா என்னைப் பார்த்துச் சொன்னார். “சரியா அங்கிள்?”

“சரி. கால்கட்டு உண்டு.”

அன்றைக்கு ஜெகா எங்களை ஜெராயின் தோளுக்குக் கூட்டிப் போனார். இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு கணவாய், கீழே முழுக்க மேகம். படகின் கயிற்றை வெட்டிய அதே கூட்டம் ஏறி வந்தது. வேங்கை கணவாயில் நின்றாள். அவள் தோளோடு ஒட்டி, காலில் அம்பு பட்ட முரளியின் திருடன்.

“ஒருத்தன் தாண்டுறான் அக்கா.”

“கால்கட்டு.”

“நின்னுட்டான். இன்னொருத்தன் முரளி அண்ணன வெட்டுறான்.”

“அரண்.”

“கேடயத்துல பட்டுச்சு. மூணாவது ஆள்...”

“கால்கட்டு.”

ஸ்டெல்லாவைப் பார்த்தேன். முதுகு நிமிர்ந்திருந்தது. கண் எதிரே இருந்த வெற்றுச் சுவரில் இருந்தது. அங்கே அவருக்கு என்ன தெரிந்ததோ.

நான் மேகத்தின் மேல் நடந்தேன்.

ஜெகா அதை அவசரப்படாமல் சொன்னார். முதல் அடி வைக்கும்போது ஈர வைக்கோல் போல் இருந்ததாம். இரண்டாவது அடிக்குப் பாதம் தெரியவில்லையாம். கீழே எங்கேயோ ரப்பர் நிரைகள், ஆறு, வயல், எல்லாம் ஒரே வெண்மைக்கு அடியில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. என் முட்டியில் வலியே இல்லை. நிஜமாகவே இல்லை, மேசைக்கு அடியிலும். இன்னும் கொஞ்ச தூரம், இன்னும் கொஞ்ச தூரம் என்று போய்க்கொண்டிருந்தேன்.

வெள்ளைக்குள்ளிருந்து ஓர் அம்பு வந்தது.

“அக்கா, முகிலன் விழறாரு. வைத்தியம் பண்ணப் போறீங்களா?”

வாயைத் திறந்தேன். பழக்கம். மூடிக்கொண்டேன்.

“வேங்கை திரும்பல” என்றார் ஸ்டெல்லா, சுவரைப் பார்த்தபடியே. பிறகு கொஞ்சம் பொறுத்து, “அங்கிள், வலிக்குதா?”

“இல்லம்மா.”

“அப்ப சரி.”

பிழைக்க எனக்கிருந்த கடைசிப் பகடையை உருட்டினேன். பிழைக்கவில்லை.

எத்தனையோ தடவை சாகக் கிடந்திருக்கிறேன். இவ்வளவு நிம்மதியாக ஒரு தடவைகூட இல்லை.